ஈரோட்டில் வீட்டுக் கேக்குக்கு ஒரு விறகு அடுப்பு

கிறிஸ்துமஸ் கேக்குக்கு வேண்டியதை எல்லாம் வீட்டில் தயார் பண்ணி, சுட்டெடுக்க மட்டும் பேக்கரிக்குக் கொண்டுபோகும் வழக்கம் எங்கள் அம்மா காலத்து ஈரோட்டில் சர்வ சாதாரணம். இன்றைக்கு அதைச் செய்து தருகிற பேக்கரி எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். வீரப்பன்சத்திரம் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. “வர்ற டின்னுக்கே அடுப்புல எடம் பத்தறதில்லீங்க்கா, பேரு போட்டு எழுதிறாதீங்க” என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் நாலு பேரிடம் விசாரித்தால் கை காட்டிவிடுவார்கள். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் விறகு அடுப்பு வைத்த பேக்கரி எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கேட்டால் செய்து தருவார்கள். கேட்க ஆள் இல்லாமல்தான் இந்த வழக்கம் நின்றுகொண்டிருக்கிறது.

கொங்கு நாட்டுப் பேக்கரி எப்படியென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு என்று எங்கே போனாலும் டீ குடிக்க நாங்கள் போவது பேக்கரிக்குத்தான். முன்னால் டீ மாஸ்டர், கண்ணாடிப் பெட்டியில் பப்ஸ், தேங்காய் பன், தேன் கேக், வாசலில் நாலு ஸ்டூல். பின்னால் அடுப்பு இருக்கிறதா, சரக்கு டெம்போவில் வந்து இறங்குகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அடுப்பு வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் கரண்டுக்கோ டீசலுக்கோ மாறிவிட்டார்கள். இந்தக் கடையில் பழைய செங்கல் அடுப்பு அப்படியே இருக்கிறது. மாஸ்டர் கண்ணூர்ப் பக்கத்துக்காரர். அடுப்பைப் போர்மா என்றுதான் சொல்வார். தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரைக்குக் கேக் சுட்டுக்கொடுத்த கதையைத் தன் சொந்தப் பாட்டனாரின் கதை மாதிரி சொல்வார். துரை சீமையிலிருந்து வந்த கேக்கைக் கொண்டுவந்து காட்டி இதே மாதிரி வேண்டும் என்றாராம். பாபு உள்ளூரில் கிடைத்ததை வைத்தே செய்து கொடுத்துவிட்டாராம். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

உள்ளூரில் கிடைத்ததை வைத்துச் செய்வதுதான் எங்கள் வீட்டுக் கேக்கும். லண்டன் மிஷன் கோயமுத்தூரில் 1830-லேயே வேலையைத் தொடங்கிவிட்டது. பிறகு ஈரோட்டிலும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. பிரப் ரோடு, பிரப் நினைவாலயம் என்று ஊரில் இன்னும் பெயர் வழங்குகிற பிரப் ஐயர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி. என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா கேக் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டது. டாக்டரம்மா போட்ட சாமான் பாதி இங்கே கிடைக்காது, கிடைத்தாலும் நர்ஸ் சம்பளத்துக்குக் கட்டாது. டின் வெண்ணெய்க்குப் பதில் ஊத்துக்குளி எருமை வெண்ணெய். சீமையிலிருந்து வந்த பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிறதே, அதே சந்தைச் சரக்கு. முட்டைக்கு நாமக்கல் இருக்கிறது. சாராயம் எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டி வந்ததில்லை என்பதால் பழங்கள் ஊறுவது பன்னீர் திராட்சைச் சாற்றில்.

வெண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கேக்கின் உயிரே அதில்தான். ஊத்துக்குளி வெண்ணெயில் லேசான மோர்ப் புளிப்பும் கொஞ்சம் தண்ணீரும் இருக்கும். அப்படியே போட்டால் கேக் பிசுபிசுவென்று இருக்கும். அம்மா அதை ஐஸ் தண்ணீரில் போட்டு, கையால் பிசைந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுவார். பிறகு வெள்ளைத் துணியில் வைத்து அமுக்கித் தண்ணீரை எடுத்துவிட்டு, நாட்டுச்சர்க்கரையைச் சலித்துச் சேர்த்துத் தேய்ப்பார். நாட்டுச்சர்க்கரையில் ஈரப்பசை உண்டு, கட்டியும் இருக்கும், ஆகவே சலிக்காமல் போடக் கூடாது. தேய்க்கத் தேய்க்கக் கருப்பட்டி நிறத்திலிருந்து சந்தன நிறத்துக்கு வரும். அந்த நிறம் வருகிற வரைக்கும் முட்டையை உடைக்க விடமாட்டார். கேக்கின் கருநிறத்துக்குக் கடைக்காரர்கள் சர்க்கரையைக் கருக்கி ஊற்றுவார்கள். எங்களுக்கு நாட்டுச்சர்க்கரையே பாதி நிறம் கொடுத்துவிடும், கருக்கியது ஒரு கரண்டி போதும்.

பழத்தில் செர்ரியும் டூட்டி ஃப்ரூட்டியும் எங்கள் வீட்டில் கிடையாது. பேக்கரிச் செர்ரி பெரும்பாலும் சாயம் போட்ட களாக்காய், டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய். இரண்டும் சர்க்கரைப் பாகைத் தவிர வேறு ருசி தராது. பேரீச்சை, கிஸ்மிஸ், கருப்புத் திராட்சை, பாகில் போட்ட இஞ்சி, ஆரஞ்சுத் தோல், முந்திரி, இவ்வளவுதான். நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை பொழுதோட எல்லோரும் உட்கார்ந்து நறுக்குவோம். திருப்பூரில் இருக்கும் என் தங்கச்சி அன்றைக்கு எப்படியும் வந்துவிடுவாள். பொடியாக நறுக்கினால் அவளுக்குப் பிடிக்காது, பெரிதாக நறுக்கினால் அம்மாவுக்குப் பிடிக்காது; வருஷா வருஷம் இதே வாக்குவாதம், வருஷா வருஷம் அம்மா அளவுதான். சாராயம் சேர்க்காமல் ஊறவைப்பவர்கள் ஜாடியை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வெளியில் வைத்தால் சாறு புளித்து நுரைத்துவிடும்.

இனி அடுப்பு. கடையின் பின்பக்கம், சுவரோடு சுவராகக் கட்டிய அறை மாதிரி இருக்கும். வாய் சின்னது, உள்ளே ஆழம் அதிகம், மேலே கவிந்த செங்கல் வளைவு. மத்தியானத்துக்கு மேல் சீமைக்கருவேல விறகை உள்ளேயே அடுக்கித் தீ வைப்பார்கள். மூன்று நாலு மணி நேரம் எரிந்து செங்கல் முழுக்கச் சூட்டை வாங்கியதும், கங்குகளையும் சாம்பலையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, கம்பில் கட்டிய ஈரச் சாக்கால் தளத்தைத் துடைப்பார்கள். வாயைக் கொஞ்ச நேரம் மூடி வைப்பார்கள். சூடு எல்லாப் பக்கமும் சமமாகட்டும் என்று. முதலில் போவது பன்னும் ரொட்டியும், அவற்றுக்குக் கடுஞ்சூடு வேண்டும். அவை வெளியே வந்தபின் மாஸ்டர் ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே தளத்தில் வீசுவார். உடனே கருகினால் இன்னும் சூடு அதிகம் என்று அர்த்தம். மெள்ளப் பொன்னிறமாகி அப்புறம் பழுப்பேறினால்தான் தலையாட்டுவார். “இனி கேக் வெய்க்காம் சேச்சி.” தெர்மாமீட்டர் ஒன்றும் கிடையாது.

பழக் கேக்குக்கு இந்த அடுப்பு ஏன் பொருந்துகிறது என்பதை நான் நேரில் நின்று பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். பழமும் சர்க்கரையும் நெய்ச்சத்தும் கனமாக உள்ள கலவை அவசரப்பட்டால் வேகாது. மேல்தோல் சீக்கிரம் இறுகிவிட்டால் உள்ளே இருப்பது பொங்கி வர வழியில்லாமல் நடுவில் வெடித்துக்கொண்டு மேலே வரும். விறகு அடுப்பில் தீயே இல்லை, செங்கல் வாங்கி வைத்த சூடுதான். அது நேரம் ஆக ஆக இறங்கிக்கொண்டே வரும். கேக்கின் நடுப்பகுதி வெந்து முடிகிற நேரத்தில் வெளிச்சூடு தணிந்திருக்கும், ஓரம் கருகாது. வீட்டு ஓவனில் 150 டிகிரி வைத்தாலும் கம்பி சிவப்பதும் அணைவதுமாக இருக்கும், டின்னின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிகூட இருக்காது. ஒரு தடவைக்கு ஒரு டின்தான் வைக்க முடியும். எங்கள் வீட்டில் ஐயர் (எங்கள் சபைப் போதகர்) வீட்டுக்கு, ஒறம்பரைக்கு (சொந்தக்காரர்களுக்கு), அக்கம்பக்கத்துக்கு, நான் கணக்கு எழுதும் மஞ்சள் மண்டிக்கு என்று எட்டுப் பத்து டின் போகும். விடிய விடிய ஓவன் முன்னால் உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? ஒரே அளவுக் கலவையை வீட்டிலும் இங்கும் சுட்டு வைத்துப் பார்த்ததுண்டு. வீட்டில் சுட்டதும் நன்றாகத்தான் இருந்தது. இங்கே சுட்டது ஒரு வாரம் கழித்து வெட்டும்போது ஓரத்துத் துண்டும் நடுத்துண்டும் ஒரே ஈரத்தோடு இருந்தன. கத்தி வழுக்கிக்கொண்டு போனது, ஒரு பருக்கைகூட உதிரவில்லை.

ஆனால் எனக்கு இந்தக் கடையைப் பிடித்ததற்கு அடுப்பு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அடுப்புக்கு எதிரே கிடக்கும் கடப்பாக்கல் மேடை. கலவையை வீட்டில் முழுதாகக் கலந்து எடுத்துப் போனால், பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும், காத்திருக்கும் நேரத்தில் அதன் சக்தி குறைந்துவிடும். அதனால் வெண்ணெய், சர்க்கரை, முட்டை அடித்தது ஒரு தூக்கில், மைதாவும் பொடிகளும் சலித்தது ஒரு டப்பாவில், பழம் ஜாடியோடு. நம் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மேடையில் வைத்து ஒன்றாகச் சேர்க்கலாம். பழத்தைக் கொஞ்சம் மைதாவில் புரட்டிப் போடுவது வழக்கம். இடம், பேசின், மரக்கரண்டி எல்லாம் கடையில் தருகிறார்கள். இங்கிலாந்தில் அட்வெந்துக்கு (கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் வாரங்களுக்கு) முந்தின ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துமஸ் புட்டிங் கலவையை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு சுற்றுக் கிளறுவார்கள். அந்த வழக்கம் டாக்டரம்மா வழியாக அம்மாயிக்கு வந்து, எங்கள் வீட்டில் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாக நின்று கிளறுவதாக நிலைத்துவிட்டது. முதல் கை கடைசிக் குழந்தையுடையது, கடைசிக் கை அம்மாவுடையது. ஒவ்வொருவரும் கிளறும்போது மனசுக்குள் ஒருவருக்காக ஜெபிக்க வேண்டும், யாருக்காக என்று கேட்கக் கூடாது.

இதை வீட்டுக்குள் செய்த வரைக்கும் எங்கள் வீட்டோடு இருந்தது. மேடைக்கு வந்தபின் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் பரவிவிட்டது. அமல அன்னை கோயிலைச் சேர்ந்த ஒரு குடும்பம் எங்களுக்குப் பக்கத்தில் கலப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெரியம்மா ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோடு வளர்ந்தவர். கேக்கோடு கல்கல் என்ற கிறிஸ்துமஸ் பலகாரமும் செய்வார். சீப்பின் பல்லில் மாவை வைத்து அமுக்கிச் சுருட்டுவதை என் பெண்ணுக்கு அங்கேதான் கற்றுக்கொடுத்தார். அவர் எங்கள் பேசினில் ஒரு சுற்றுக் கிளறுவார், அம்மா அவர்கள் பேசினில் ஒரு சுற்று. அவர்கள் நள்ளிரவுப் பூசைக்குப் போகிறவர்கள், நாங்கள் வெடியால ஆராதனைக்குப் போகிறவர்கள். கேக் ரெண்டும் ஒரே சூட்டில் வேகிறது.

கட்டணம் கிலோவுக்கு 60 ரூபாய். டின் நம்முடையதாக இருந்தால் இவ்வளவுதான், கடை டின் கேட்டால் பத்து ரூபாய் கூடுதல். இந்த வேலைக்கு இது குறைந்த கூலி என்பேன். விறகு விலை தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பேரம் பேசாதீர்கள். டின் மாறிப்போகுமோ என்ற பயத்துக்குச் சாக்கட்டியால் பக்கத்தில் நம்பர் எழுதுகிறார்கள். எங்கள் டின்களில் அந்தக் காலத்து வழக்கப்படி பாத்திரக் கடையில் அம்மாயியின் பெயரை வெட்டி வைத்திருக்கிறோம், சூட்டுக்கு அழியாத அடையாளம் அதுதான். அடுப்பில் மாஸ்டர் டின்களை வைக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கனமானவை உள்ளே ஆழத்தில், கால் கிலோ டின்கள் வாய்ப்பக்கம். நீளக் கம்பு பொருத்திய பலகையில் ஏற்றி, உள்ளே தள்ளி, சுண்டி இழுப்பார்; டின் வைத்த இடத்தில் நிற்கும், பலகை மட்டும் திரும்பி வரும். கிலோ டின்னுக்கு ரெண்டு மணி நேரம் போல ஆகும். கேக் எல்லாம் வந்தபின் மிச்சச் சூட்டில் ரஸ்க் துண்டுகளைப் பரப்பி வைத்துக் காலை வரைக்கும் உலரவிடுவார்கள். அந்த ரஸ்க்கையும் வாங்கிக்கொண்டு வாருங்கள், ஊரில் வேறெங்கும் அவ்வளவு மொறுமொறுப்பு கிடையாது.

குறைகள் உண்டு, மறைக்க மாட்டேன். டிசம்பர் 20-க்கு மேல் கூட்டம் தாங்காது. சொன்ன நேரத்துக்கும் அடுப்பில் வைக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு வருஷம் 23-ம் தேதி ராத்திரி அப்படிக் காத்திருந்து, அவசரத்தில் சூடு தணியும் முன்னாலேயே எங்கள் டின்களை உள்ளே தள்ளிவிட்டார்கள். மூன்று கேக் அடிப்பக்கம் கருகி வந்தது. கூலி வாங்கவில்லை, வெண்ணெய்க்கும் பணம் தருவதாகச் சொன்னார் கடைக்காரர். ஆனால் ஒரு மாதம் ஊறிய பழத்தை எந்தப் பணம் திருப்பித் தரும்? அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார். கூட்டம் மீறினால் அடுத்த நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கடைக்காரரிடம் நான் கறாராகச் சொன்னேன். இப்போது ஒரு ராத்திரிக்கு இத்தனை டின்தான் என்று எல்லை வைத்திருக்கிறார். பெண்கள் உட்கார இடம் போதாது, வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் ஒரு ஸ்டூலைக் கையோடு எடுத்துப் போங்கள். புகை ஒத்துக்கொள்ளாதவர்கள், இழுப்பு உள்ள குழந்தைகள் கங்கு வெளியே இழுக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் நிற்கவே வேண்டாம். கறி, கோழி எதையும் அடுப்பில் வைக்க வாங்கமாட்டார்கள், கேட்டுப் பிரயோசனம் இல்லை.

வீட்டுக்கு வந்த கேக்கை அன்றைக்கே வெட்டக் கூடாது. முழுதாக ஆறியபின் பட்டர் பேப்பரில் சுற்றி, டப்பாவில் மூடி வைத்து, ஒரு வாரமாவது விட வேண்டும். முதல் கேக் ஐயர் வீட்டுக்கு, ஐயரம்மா கையில். அதற்குப் பிறகுதான் நாங்கள் வாயில் வைப்போம். தெருவில் தீபாவளிக்கு எங்களுக்குத் தட்டு வந்த வீட்டுக்கெல்லாம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தட்டு போகும். முட்டை சாப்பிடாத வீடுகளுக்குக் கேக் அனுப்புவதில்லை. அவர்களுக்கு அதிரசமும் கச்சாயமும் தனிச் சட்டியில், தனி எண்ணெயில். தட்டு எந்த வீட்டிலிருந்தும் வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி சர்க்கரையாவது, ரெண்டு வாழைப்பழமாவது வந்துவிடும்.

கடைப் ப்ளம் கேக்கை நான் மட்டமாகச் சொல்லவில்லை. நேரமில்லாதவர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும், நல்ல கேக் செய்கிறவர்கள் ஈரோட்டில் இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒரு பாட்டி அளவு என்று ஏதாவது மிச்சம் இருந்தால், அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்து, இந்த மாதிரி ஒரு அடுப்புக்கு எடுத்துப் போங்கள். எங்கள் அம்மாயியின் அளவு உழக்கிலும் ஆழாக்கிலும் இருந்தது. அம்மா நிறுத்துப் பார்த்து கிராமில் மாற்றி எழுதி வைத்ததால்தான் என் பெண்ணால் இப்போது தனியாகவே வெண்ணெயும் சர்க்கரையும் தேய்க்க முடிகிறது.

போகிறவர்களுக்கு: டிசம்பர் 10-லிருந்து 18-க்குள் வைத்துக்கொள்ளுங்கள், கேக் பழகவும் நாள் கிடைக்கும். முந்தின நாளே நேரில் போய் எத்தனை டின், என்ன எடை என்று சொல்லிவிட்டு வரவேண்டும், போனில் சொன்னால் எழுதிக்கொள்ளமாட்டார்கள். அலுமினிய டின் அல்லது தடித்த தகர டின் எடுத்துப் போங்கள், கைப்பிடியில் பிளாஸ்டிக் இருந்தால் மாஸ்டர் தொடவே மாட்டார். உள்ளே ரெண்டு அடுக்கு பட்டர் பேப்பர், வெளியே டின்னைச் சுற்றி ஒரு அடுக்குத் தடித்த பழுப்புக் காகிதம் கட்டி நூலால் இறுக்கிவிடுங்கள். ஓரம் காயாமல் காப்பாற்றுவது அதுதான். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு கிடையாது.